ஒன்பதாவது வரி

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். 1946ஆம் வருஷம் தூத்துக்குடியில் அமலோற்பவம் என்கிற முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு ஒரு பரீட்சை. பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு விஞ்ஞானப் பாடத்தைக் கையில் கொடுப்பார்கள். இதில் முக்கியமாகச் சொல்லியிருப்பது என்ன, அதற்குத் துணையாகச் சொல்லியிருப்பவை எவை என்று கேட்பார்கள். அமலோற்பவம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். முக்கியமானது எது என்று கேட்டால் மட்டும் தவறாகச் சொல்வாள். ஒருமுறை இரண்டுமுறை அல்ல, ஒவ்வொரு முறையும்.

இப்படி எடுத்த எடுப்பில் விஷயத்தைப் போட்டு உடைப்பதை அவள் பிறந்த மணப்பாட்டில் யாரும் மெச்ச மாட்டார்கள். அங்கே சேதி கொண்டுவருகிறவருக்கென்று ஒரு முறை உண்டு. வந்தவர் முதலில் உட்கார வேண்டும். தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். விடியற்காலை காற்று எந்தப் பக்கம் நின்றது, எத்தனை கட்டுமரம் கடலுக்குப் போயிற்று, எவர் வலையில் என்ன பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். கேட்கிறவளுடைய மனசு அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாராகிவிடும். கடைசி வாக்கியத்தில்தான் சொல்ல வந்த சேதி வரும். அமலோற்பவத்தின் அப்பா கடலோடு போன அன்று, சிலுவை என்கிற பக்கத்து வீட்டுக்காரர் வந்து அரை மணி நேரம் பேசினார். அவளுடைய அம்மா அந்த அரை மணி நேரத்தைச் சாகும்வரை நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தாள். "சிலுவை அண்ணன் பதமா இறக்கி வச்சாரு" என்பாள்.

அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை கடைசி வாக்கியத்துக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். அதற்கு முன்னால் வருவதெல்லாம் காற்றும் வலையும்தான்.

வேலை என்னவென்றால், கடற்கரையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று, வீடு வீடாகப் போய் சுகாதாரம் சொல்வதற்கு இரண்டு பெண்களை எடுப்பதாக இருந்தது. பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அமலோற்பவம் அதே ஆஸ்பத்திரியில் தரை கழுவிக்கொண்டிருந்தாள். தரை கழுவுவதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன், ஒரு கோடைகாலத்தில், அவளுடைய ஒரே மகள் பிலோமினா ஆறு வயதில் வாந்திபேதியில் போய்விட்டாள். காலையில் பாண்டி ஆடிய பிள்ளை, மறுநாள் காலையில் இல்லை. அந்த வேலையில் சேர்ந்தால் எவளோ ஒருத்தியின் பிள்ளையாவது தங்கும் என்று அமலோற்பவம் நினைத்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் சொல்ல வேண்டிய சேதி அல்லவா.

பரீட்சைக்குப் பழகிக்கொள்ளச் சொல்லி, ஆஸ்பத்திரிக் குமாஸ்தா ஜேசுபாதம் எல்லாருக்கும் ஒரு மெல்லிய புத்தகம் கொடுத்தார். இருபது பாடங்கள். கடைசிப் பக்கத்தில் விடைகள். அமலோற்பவம் அதைத் தெருமுனைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

கடை காசிலிங்கம் நாடாருடையது என்று பலகையில் இருக்கும். நடத்துவது அவர் சம்சாரம் சீனித்தாய். விளாத்திகுளத்துப் பக்கத்துக் கரிசலில் பிறந்தவள். அமலோற்பவத்துக்கு ஒத்த வயசு. இரண்டு பேரும் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தது ஒரே வருஷத்தில். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் கடையில் ஈ காக்கை இருக்காது. கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருத்தி வாசிக்க, ஒருத்தி விடைப் பக்கத்தை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு பரீட்சை நடத்தினாள்.

முதல் பாடம் முத்துச்சிப்பி. சிப்பிக்குள் மணலோ சிறு புழுவோ நுழைந்துவிட்டால், சிப்பி தன் உடம்பிலிருந்து ஒரு பொருளைச் சுரந்து அதன்மேல் பூசிக்கொண்டே இருக்கிறது. அதுவே நாளடைவில் முத்தாகிறது. இப்படிப் போய், 'முற்காலத்து அரசர்கள் முத்தை விரும்பி அணிந்தனர்' என்று பாடம் முடிந்தது.

"முக்கியமானது என்னளா?" என்றாள் சீனித்தாய்.

"ராசாக்கமாரு முத்து போட்டிருக்காங்க."

சீனித்தாய் விரலை எடுத்துப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "ராசா போட்டா என்ன, போடாட்டா என்ன? முத்து எப்படி உண்டாவுதுன்னு அவன் மூச்சப் பிடிச்சுச் சொல்லுதான், நீ ராசா கழுத்தப் பாத்துட்டு நிக்க."

கடல் நீர் ஏன் உப்பு என்கிற பாடத்தில், 'உப்பளத் தொழிலால் பலர் பிழைக்கின்றனர்' என்பதே முக்கியம் என்றாள் அமலோற்பவம். அதுவும் கடைசி வரி. காற்றைப் பற்றிய பாடத்தில் 'பாய்மரக் கப்பல்கள் காற்றால் ஓடுகின்றன' என்றாள். நாலாவது பாடத்துக்குள் அவளுடைய கோளாறு எது என்று சீனித்தாய்க்குப் பிடிபட்டுவிட்டது.

"ஏளா, நீ எல்லாத்தையும் வால்ல பிடிக்க. கடைக்கு வாரவ என்ன சொல்லுதா? 'கால்படி உளுந்து'ங்கா. பொறவுதான் மாமியாருக்கு இட்லி வேணும், நாத்தனா வந்திருக்கா எல்லாம். முதல்ல சொல்லுததுதான் வேணுங்கிறது. தலையப் பிடி."

அமலோற்பவத்துக்கு அது மரியாதை இல்லாத பேச்சாகப் பட்டது. ஆனாலும் தலையைப் பிடித்தாள். அடுத்த ஆறு பாடங்கள் மளமளவென்று சரியாக வந்தன. சீனித்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சையே தான் எழுதி ஜெயித்துவிட்ட மாதிரி, அன்று வந்த வாடிக்கைக்காரிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினோராவது பாடத்தில் அந்தச் சந்தோஷம் முடிந்தது. பாடம், இரும்பில் துருப் பிடிப்பதைப் பற்றியது. 'நம் வீடுகளில் கத்தி, அரிவாள், ஆணி முதலிய பல பொருள்கள் உள்ளன' என்று ஆரம்பித்தது.

"நம்ம வீட்ல கத்தி அருவா இருக்கு" என்றாள் அமலோற்பவம், சீனித்தாய் சொன்ன முறைப்படி.

விடை அது இல்லை. ஈரக்காற்று பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதுதான் முக்கியம். அது ஐந்தாவது வரியில் ஒளிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாவது பாடத்தில் மூன்றாவது வரி. பதின்மூன்றில் மறுபடியும் கடைசி வரி. சீனித்தாய் புத்தகத்தைச் சிப்பத்தின்மேல் போட்டாள். "எழுதினவனுக்கு ஒரு நெல இல்ல. தல இல்ல, வாலும் இல்ல" என்று ஆசிரியரைக் கொஞ்ச நேரம் வைதாள். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த மாதம் அமலோற்பவத்தின் புருஷன் மரியான் வீட்டில் இருந்தான். கொழும்புக்குப் போய்வரும் தோணியில் அவன் தண்டல், தோணியை நடத்துகிற தலைவன். தோணி பழுதுக்காகக் கரையேறிக் கிடந்தது. கடைக்குப் புகையிலை வாங்க வந்தவன், இரண்டு பெண்களும் உம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டான். சீனித்தாய் சொன்னாள்.

மரியான் புத்தகத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. "நடுக்கடல்ல பெருங்காத்துல மாட்டிக்கிட்டா நாங்க என்ன செய்வோம் தெரியுமா தங்கச்சி? பாரத்தக் கொறைப்போம். முதல்ல கூரை ஓடு போகும். பொறவு வெங்காய மூட்ட. பொறவு கருவாட்டுச் சிப்பம். ஒவ்வொண்ணா எடுத்துக் கடல்ல தள்ளிட்டு, 'இது இல்லாம கொழும்பு போயிரலாமா'ன்னு பாப்போம். போயிரலாம். ஆனா தண்ணிப் பீப்பாயில மட்டும் எவனும் கைய வைக்கமாட்டான். அது போச்சுன்னா தோணியும் இல்ல, ஆளும் இல்ல."

"அதுக்கும் இதுக்கும் என்னண்ணே?"

"ஒரு வரியத் தூக்கிக் கடல்ல போடச் சொல்லு. மிச்சம் நிக்குதான்னு பாக்கச் சொல்லு. எந்த வரியப் போட்டா மத்ததெல்லாம் செத்துப்போவுதோ, அது பீப்பாய்."

"அப்ப மத்த வரியெல்லாம் தெண்டமா?" என்றாள் சீனித்தாய்.

"சரக்கு இல்லாம தோணி எதுக்குத் தங்கச்சி கொழும்பு போவுது?" என்று சொல்லிவிட்டு, மரியான் புகையிலையை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பேச்சில் இரண்டொரு இடம் நொண்டும். அமலோற்பவத்துக்கு அது போதுமாக இருந்தது. கத்தி அரிவாள் வரியைத் தூக்கிப் போட்டாள், பாடம் நின்றது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவச் சொல்லும் வரியைப் போட்டாள்; நின்றது. ஈரக்காற்று வரியை எடுத்தாள். எண்ணெய் ஏன் தடவ வேண்டும், கடற்கரையில் ஆணி ஏன் சீக்கிரம் மக்குகிறது, ஒன்றுக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. அதைத் திரும்ப வைத்தாள். எண்ணெய் வரியும் ஆணி வரியும் எதற்காக அங்கே நிற்கின்றன என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மிச்சமிருந்த பாடங்களில் ஒன்றே ஒன்றுதான் தவறிற்று. ஐந்து நாளில் புத்தகம் முடிந்துவிட்டது.

பழகுவதற்கு வேறு காகிதம் இல்லை. அதனால்தான் அவள் அந்த நோட்டீசை எடுத்தாள்.

பிலோமினா இறந்த வருஷத்துக் கோடையில், நோய் கண்டபோது கொடுத்த நோட்டீஸ் அது. யார் அச்சடித்ததோ, பெயர் போட்டிருந்த அடிப்பகுதி மட்டும் கிழிந்துபோயிருந்தது. செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தாள். ஏன் வைத்திருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பதினாலு வரி. 'சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்' என்று ஆரம்பம். நோய் எந்த எந்தத் தேசத்தில் எந்த எந்தக் காலத்தில் வந்தது என்று ஏழு வரி. பென்சிலால் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தாள். மற்ற வரியெல்லாம் அடிபட்டது. ஒன்பதாவது வரியில் மட்டும் பென்சில் நின்றது. 'குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆறிய பின் அருந்துதல் நலம்.'

அந்த நோட்டீசைத் தெருப் பெண்களுக்குக் கிணற்றடியில் வாசித்துக் காட்டியது அமலோற்பவம்தான். பதினாலு வரியையும் ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தாள். முடித்ததும் யாரோ, "சரி, என்னதான் சொல்லுதான்?" என்று கேட்டார்கள். அவள் கடைசி வரியைச் சொன்னாள். ஊசி போட வருகிற உத்தியோகஸ்தர்களுக்கு ஒத்துழைப்புக் கொடுக்க வேண்டுமாம் என்றாள். பெண்கள் தலையை ஆட்டிவிட்டு, குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். அவளும் எடுத்துக்கொண்டு போனாள். ஊசி போடுகிறவர்கள் அதிலிருந்து பதினோராம் நாள் வந்தார்கள். பிலோமினா எட்டாம் நாளே போய்விட்டாள்.

கையில்தான் இருந்திருக்கிறது. தன் வாயால் உரக்க வாசித்திருக்கிறாள்.

அடுத்த இரண்டு நாள் அமலோற்பவம் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சீனித்தாய் கடையைச் சாத்திவிட்டு வந்தாள். பட்டப்பகலில் அவள் கடையைச் சாத்துவது அபூர்வம். அமலோற்பவம் நோட்டீசை நீட்டினாள். சீனித்தாய் எழுத்துக்கூட்டி, அடிக்காமல் விட்ட ஒரு வரியை வாசித்தாள். வாசித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்ன சொல்லுதான்னு கேட்டது யாரு தெரியுமா? நாந்தான்" என்றாள். "கேட்டுட்டு நானும் குடத்தத் தூக்கிட்டுப் போனேன். பதினாலு வரியும் எங்காதுலயும்தான் விழுந்துச்சு. எங்க வீட்ல ஒண்ணும் ஆவல. அதுக்கு நான் கெட்டிக்காரியா?"

அமலோற்பவம் அப்போதுதான் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை சீனித்தாய் கூடவே இருந்தாள்.

"கோவத்த எழுதினவன் மேல வையி. உசிரு காக்குத வரிய நடுவுல கொண்டு பொதச்சு வச்சிருக்கான். நாளைக்கும் இன்னொருத்தன் இப்படித்தான் எழுதுவான். படிச்சவன் கையி அப்படித்தான் போவும். அத நோண்டி எடுத்து நம்மள மாதிரி ஆளுக்குச் சொல்லதுக்கு ஒருத்தி வேணும்லா? இந்தத் தெருவுல அது யாரால முடியும், நீயே சொல்லு."

பிற்பாடு அமலோற்பவம் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். மாதாவுக்குத் தினமும் சொல்வாள். ஆனால் அந்த மத்தியானத்துக்காகச் சீனித்தாய்க்குப் பட்ட கடனைத் தீர்க்கவே முடியாது என்பாள். ஆறுதல் சொல்லிவிட்டுப் போக ஆயிரம் பேர் உண்டு. எழுந்து போய்ப் பரீட்சை எழுது என்று சொல்ல ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

பரீட்சை, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது. பாடம் கொசுவைப் பற்றியது. அமலோற்பவம் வரி வரியாகக் கடலில் தள்ளினாள். தேங்கிய நீரில் கொசு முட்டையிடுகிறது என்கிற நாலாவது வரி நின்றது. அதை எழுதினாள். அதற்குத் துணை நிற்கிற மூன்றை எழுதினாள். கொசுவின் சிறகைப் பற்றிய அழகான வரி ஒன்று இருந்தது. மனசில்லாமல் அதை விட்டாள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் பெரிய டாக்டரம்மா இருந்தார். ஒல்லியான மனுஷி, மூக்குக் கண்ணாடி, அதிகம் பேசாதவர். இரண்டு பக்கம் கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார்.

"இது வாந்திபேதி பற்றிய நோட்டீஸ். அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது. நான்தான் எழுதினேன். இடுப்பில் குடத்தோடு ஒருத்தி அவசரமாகப் போறாள். அவளுக்கு இதை ஒரே மூச்சில் சொல்லணும். என்ன சொல்வாய்?"

அமலோற்பவம் வாசித்தாள். இருபத்திரண்டு வரி. பென்சில் தேவைப்படவில்லை.

"தண்ணியக் கொதிக்க வச்சு ஆத்திக் குடு. பிள்ள பிழைக்கும்."

டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்தார். "முதலில் சொன்னது சரி. பிள்ளை பிழைக்கும் என்று இதில் எந்த இடத்தில் இருக்கிறது?"

"இதுல இல்ல டாக்டரம்மா."

"பிறகு ஏன் சொன்னாய்?"

மணப்பாட்டு முறைப்படி அவள் காற்றிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். அன்றைய வெயில், கிணற்றடி, நோட்டீஸ் என்று மெல்ல மெல்ல இறக்கியிருக்க வேண்டும். "எம் பிள்ள பிழைக்கல டாக்டரம்மா" என்றாள். வாழ்நாளில் முதல்முறையாக அதை அவள் முதலிலேயே சொன்னாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏன் கொதிக்க வைக்கணும் என்று அந்தக் குடத்துக்காரி நின்று கேட்டால்?" என்றார். நோய்க் கிருமி தண்ணீர் வழியாகத்தான் வருகிறது; கண்ணுக்குத் தெரியாது, தெளிந்த தண்ணீரிலும் இருக்கும்; நன்றாகக் கொதித்தால் செத்துப்போகும் என்று அமலோற்பவம் மூன்றையும் சொன்னாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. டாக்டரம்மா பேனாவை எடுத்து, தான் எழுதிய நோட்டீசின் உச்சியில், எல்லா வரிக்கும் மேலே, அவள் சொன்ன வாக்கியத்தை அவள் சொன்ன பேச்சிலேயே பெரிய எழுத்தில் எழுதினார்.

இரண்டு பேரில் ஒருத்தியாக அமலோற்பவத்தை எடுத்துக்கொண்டார்கள். சீனித்தாய் தெருவில் வீட்டுக்கு ஒரு கருப்பட்டி கொடுத்தாள். காசிலிங்கம் நாடார் எத்தனை போயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குள் தோணி கிளம்பிவிட்டதால், மரியானுக்குக் கொழும்பு போன தோணிக்காரர் ஒருவர் வாய்மொழியாகச் சேதி போயிற்று. அவர் எந்த முறையில் சொன்னாரோ தெரியாது. மரியான் திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு கறுப்புக் குடை வாங்கி வந்தான். அந்தக் குடையோடுதான் அவள் மூன்று வருஷம் தெருத் தெருவாக நடந்தாள். கதவைச் சாத்தியவர்கள் உண்டு. வேலையற்றவள் என்று சொன்னவர்கள் உண்டு. எல்லா வீட்டிலும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் சொன்னாள். நின்று கேட்டவர்களுக்கு மற்றதைச் சொன்னாள்.

1949 கோடையில், சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஆலந்தலைக்குப் போனாள். அவளுக்கு அது வேலைக்காகப் போகும் ஊர் அல்ல. கல்யாண வீட்டைத் தவிர அங்கே அவளை யாருக்கும் தெரியாது. மணலில் நடந்து தொண்டை வறண்டுபோயிற்று. கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் செம்பைக் கொண்டுவந்தாள். பின்னால் இன்னும் இரண்டு குழந்தைகள் மணலைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும்க்கா, மொகத்தச் சுளிக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். "காச்சின தண்ணி. ஒங்க வீட்லயும் இப்படியே செய்யுங்க. தண்ணியக் கொதிக்க வச்சு ஆத்திக் குடு, பிள்ள பிழைக்கும்."

அமலோற்பவம் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "யாரும்மா அப்படிச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எல்லாரும் சொல்லுததுதான" என்றாள் அவள்.

ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்குக் காரணம் தெரிந்திருக்குமோ என்னவோ. அமலோற்பவம் கேட்கவில்லை. "நல்லா இருப்பம்மா" என்று சொல்லி, அந்த வெதுவெதுப்பான தண்ணீரை முழுவதும் குடித்தாள். இன்னும் ஒரு செம்பு கேட்டு வாங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே அதையும் குடித்தாள்.